"நெட்" ஆமை வேகமா? பெரிய "பிளான்" போடும் முன் பெட்டியைப் பாருங்கள்!

செலவில்லாமல் வைஃபை வேகத்தைக் கூட்ட வழி

மாதம் பிறந்தால் பணம் கட்டியாகிறது. ஆனாலும் "நெட்" ஆமை வேகத்தில்தான் நகருகிறது.

"கம்பெனிக்காரன் ஏமாத்துறான்" என்று சிலர் திட்டுகிறார்கள். "100 பத்தாது, 200-க்கு மாத்திடுவோம்" என்று சிலர் கூடுதல் பணம் கட்டிவிடுகிறார்கள். மாற்றிய பிறகும் படுக்கை அறையில் அதே கதைதான். படம் பாதியில் நின்று வட்டமாகச் சுற்றுகிறது!

உண்மையான குற்றவாளி பல வீடுகளில் தெருவில் இல்லை. வீட்டுக்குள்ளேயே, டி.வி. ஸ்டாண்டுக்குப் பின்னால் பதுங்கி இருக்கிறான். அவனைப் பிடிக்க போலீஸ் வேண்டாம். ஒரு செல்போனும் அரை மணி நேரமும் போதும். செலவு? ஒரு பைசா கிடையாது.

அது எப்படி? இதோ விவரம்:-

இரண்டு சாலைகள்

இண்டர்நெட் உங்கள் கைக்கு வர இரண்டு சாலைகளைக் கடக்க வேண்டும்.

முதல் சாலை, தெருவில் இருந்து உங்கள் வீட்டுப் பெட்டி வரை. இது தலைமுடி போல மெல்லிய கண்ணாடி இழை. இதற்குப் பொறுப்பு கம்பெனி.

இரண்டாவது சாலை, பெட்டியில் இருந்து உங்கள் செல்போன் வரை. இங்கே கம்பி கிடையாது. காற்றில்தான் பயணம். இதுதான் வைஃபை. இதற்குப் பொறுப்பு நீங்கள்.

நீங்கள் பணம் கட்டுவது முதல் சாலைக்கு. நெரிசல் நடப்பதோ பெரும்பாலும் இரண்டாவது சாலையில்! மவுண்ட் ரோடு எவ்வளவு அகலமாக இருந்து என்ன பயன்? உங்கள் வீட்டுச் சந்தில் லாரி குறுக்கே நின்றால் வண்டி வீடு வந்து சேருமா?

நம் ஊருக்கு இண்டர்நெட் வந்தது 1995-ம் ஆண்டு ஆகஸ்டு 15-ந் தேதி. பம்பாய், டெல்லி, கல்கத்தாவோடு சென்னைக்கும் அன்று பொதுமக்கள் இணைப்பு கொடுத்தார்கள். அப்போது டெலிபோன் ஒயரில் "கீ... கீ..." என்று கத்திய பெட்டிக்குப் பெயர் மோடம். அன்றைய சாதாரண வேகம் நொடிக்கு 9.6 கிலோபிட். இன்று 100 மெகாபிட் "பிளான்" போட்டவர் வீட்டுக்கு வருவது, அதைப் போல 10 ஆயிரம் மடங்குக்கும் மேல்.

பெயர் மட்டும் மாறவில்லை. இன்னும் "மோடம்" என்றுதான் சொல்கிறோம். ஆனால் இன்றைய பெட்டிக்கு இரண்டு வேலை. இழையில் வரும் ஒளியைப் பிரித்து எடுப்பது ஒன்று. அதை வீட்டில் உள்ள எல்லோருக்கும் காற்றில் பங்கு போட்டுக் கொடுப்பது இன்னொன்று. பங்கு போடும் இடத்தில்தான் தகராறு!

முதலில் மூன்று சோதனை

டாக்டர் நாடி பார்க்காமல் மருந்து எழுத மாட்டார். நாமும் முதலில் சோதிப்போம்.

1. பெட்டிக்குப் பக்கத்தில், ஐந்தாறு அடி தூரத்தில் நின்று செல்போனில் வேகத்தை அளந்து பாருங்கள். அதற்கு இலவச "ஆப்"கள் உண்டு. பிறகு கடைசி அறைக்குப் போய் அளந்து பாருங்கள். இரண்டையும் குறித்துக் கொள்ளுங்கள்.

2. லேப்டாப் இருந்தால் "லேன்" ஒயரைப் பெட்டியில் சொருகி அளந்து பாருங்கள். ஒயரில் முழு வேகம் வந்து, காற்றில் வராவிட்டால் குற்றவாளி வைஃபைதான். ஒயரிலும் வராவிட்டால் கம்பெனிக்குப் போன் போடுங்கள்.

3. காலை 7 மணிக்கு ஒரு முறை, இரவு 9 மணிக்கு ஒரு முறை அளந்து பாருங்கள். இரவில் ஒயரிலும் வேகம் குறைந்தால் நெரிசல் கம்பெனி பக்கம். ஒயர் சரியாக இருந்து வைஃபை மட்டும் படுத்தால், அக்கம்பக்கத்து வீட்டுப் பெட்டிகளோடு உங்கள் பெட்டி முட்டிக் கொள்கிறது என்று அர்த்தம்.

இங்கே ஒரு கணக்கையும் தெரிந்து கொள்ளுங்கள். கம்பெனி சொல்லும் 100 என்பது மெகாபிட். படம் "டவுன்லோடு" ஆகும்போது பல இடங்களில் திரையில் தெரிவது மெகாபைட். 8 பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட். ஆகவே 100 மெகாபிட் என்றால் நொடிக்கு சுமார் 12 மெகாபைட்தான் வரும். "100 சொன்னான், 12-தான் வருது" என்று சண்டைக்குப் போக வேண்டாம்!

200 "பிளான்" போட்டும் ஒயரில் 95-ஐத் தாண்டவில்லையா? அப்படியானால் பெட்டியின் துளை அல்லது ஒயர் பழைய 100 மெகாபிட் ரகம். ஒயருக்குள் 8 கம்பிகளும் சரியாக இருந்தால்தான் அதற்கு மேல் ஏறும். 4 கம்பி மட்டும் வேலை செய்தால் 100-க்குள் நின்றுவிடும்.

பெட்டியில் "எல்.ஓ.எஸ்." என்ற விளக்கு சிவப்பாக எரிந்தால் தெருவில் இருந்து ஒளியே வரவில்லை என்று பொருள். அப்போது நீங்கள் எதைத் திருகினாலும் பலன் இல்லை. ஆள் வந்துதான் சரி செய்ய வேண்டும்.

மெதுவடை ரகசியம்

அடுத்தது இடம். பெட்டியை எங்கே வைத்திருக்கிறீர்கள்?

இணைப்புக் கொடுக்க வந்த பையன், இழை உள்ளே நுழைந்த ஜன்னல் ஓரத்தில் பெட்டியை மாட்டிவிட்டுப் போயிருப்பான். "அசிங்கமா தெரியுதுங்க" என்று வீட்டுக்காரம்மா அதை டி.வி.க்குப் பின்னால் தள்ளியிருப்பார். போச்சு, பாதி வேகம் அங்கேயே போச்சு!

இரும்பைக் கண்டால் வைஃபை அலை திரும்பி ஓடும். தண்ணீரைக் கண்டால் அதிலேயே அடங்கிவிடும். ஆகவே இரும்பு பீரோ, பிரிட்ஜ், நிலைக்கண்ணாடி, மீன் தொட்டி, தண்ணீர் டிரம் இவற்றின் பக்கத்தில் பெட்டி கூடாது. கான்கிரீட் சுவருக்குள் கம்பி இருக்கிறது. அதைத் தாண்டவும் அலை திணறும்.

வீட்டின் நடு மத்தியில், தலை உயரத்துக்கு மேல், திறந்த இடத்தில் வையுங்கள். சின்ன அலமாரிக்குள் வைத்துக் கதவைச் சாத்தாதீர்கள். சித்திரை வெயிலில் பெட்டிக்கும் மூச்சு முட்டும்!

ஆன்டெனா விஷயம் ஒன்று. அலை அதன் நுனியில் இருந்து அம்பு போலப் பாய்வதாகப் பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. நிமிர்ந்து நிற்கும் ஆன்டெனாவைச் சுற்றி அலை மெதுவடை மாதிரி பரவுகிறது. வடையின் ஓட்டையில் ஆன்டெனா நிற்கிறது. அலை பக்கவாட்டில் நன்றாகப் போகும். மேலும் கீழும் குறைவு. ஒரே தளத்தில் வீடு என்றால் ஆன்டெனாவை நேராக நிறுத்துங்கள். மாடியிலும் அறை உண்டு என்றால் ஒன்றை நேராகவும் இன்னொன்றைப் படுக்கையாகவும் வையுங்கள்.

கடைக்காரர்களுக்கும் இதே யோசனைதான். பெட்டி கல்லாவுக்குக் கீழே, பில் மிஷின் முன்னால், கேமரா பின்பக்க குடோனில், நடுவே வரிசையாக இரும்பு ரேக்குகள் என்றால் கேமரா எப்படி வேலை செய்யும்? பெட்டியை ரேக்கின் உயரத்துக்கு மேலே ஏற்றிப் பாருங்கள். வித்தியாசம் உடனே தெரியும்.

13-ல் உருப்படி 3 தான்!

இனிதான் முக்கிய விஷயம். பெட்டியின் "செட்டிங்".

பெரும்பாலான பெட்டிகளில் இரண்டு அலைவரிசை உண்டு. ஒன்று 2.4 கிகாஹெர்ட்ஸ். இன்னொன்று 5 கிகாஹெர்ட்ஸ்.

2.4 தூரம் போகும். சுவரையும் ஓரளவு துளைக்கும். ஆனால் வேகம் குறைவு, கூட்டம் அதிகம். 5 நல்ல வேகம். ஆனால் இரண்டு சுவர் தாண்டினால் சோர்ந்துவிடும்.

2.4-ல் ஏன் இத்தனை கூட்டம்? அது லைசென்ஸ் வேண்டாத பொது இடம். அமெரிக்க அரசு 1985-ல் இந்த அலைவரிசையை லைசென்ஸ் இல்லாத தகவல் தொடர்புக்குத் திறந்துவிட்டது. உணவைச் சூடாக்கும் மைக்ரோவேவ் அடுப்பு இதே அலைவரிசையில்தான் ஓடுகிறது. வேறு வேலைக்கு ஆகாத இடம் என்று அப்போது நினைத்தார்கள். அந்த இடத்தில்தான் பிற்பாடு வைஃபை வளர்ந்தது. இந்தியாவிலும் 2005-ல் இதற்கு லைசென்ஸ் தேவை இல்லை என்று ஆக்கினார்கள். புறம்போக்கு நிலத்தில் குடிசை போட்ட மாதிரி இன்று எல்லோரும் அங்கேதான். வைஃபை, புளூடூத், மைக்ரோவேவ் அடுப்பு எல்லாம் ஒரே இடத்தில்!

இந்த 2.4-ல் நம் நாட்டில் 13 சேனல்கள். ஆனால் ஒவ்வொரு சேனலுக்கும் இடைவெளி 5 மெகாஹெர்ட்ஸ்தான். பெட்டி அனுப்பும் அலையோ சுமார் 20 மெகாஹெர்ட்ஸ் அகலம். ஒல்லியான கோட்டில் தடியான ஆள் நடந்தால் பக்கத்துக் கோட்டில் வருபவனை இடிக்காமல் இருப்பானா? ஆகவே ஒன்றை ஒன்று இடிக்காமல் ஓடுபவை 1, 6, 11 ஆகிய 3 சேனல்கள்தான்.

"எல்லோரும் 6-ல் இருக்கிறார்கள். நான் 8-ல் போகிறேன்" என்று சிலர் சாமர்த்தியம் காட்டுவார்கள். அது தவறு. ஒரே சேனலில் இருக்கும் பெட்டிகள் ஒன்றுக்கு ஒன்று காது கொடுத்து, முறை வைத்துப் பேசும். ரேஷன் கடை கியூ போல நகரும். பாதி இடிக்கும் சேனலில் நின்றாலோ ஒருவர் பேச்சு மற்றவருக்கு வெறும் இரைச்சல். இரண்டு கியூவும் ஒன்றாகக் கலந்து தள்ளுமுள்ளு ஆன கதைதான்!

உள்ளே போவது எப்படி?

பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். அடியில் ஒட்டியிருக்கும் காகிதத்தில் ஒரு முகவரி இருக்கும். பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1. செல்போனை வைஃபையில் இணைத்து, மொபைல் "டேட்டா"வை நிறுத்திவிட்டு, அந்த எண்ணை பிரவுசரில் தட்டுங்கள். அதே காகிதத்தில் உள்ள பெயரையும் பாஸ்வேர்டையும் கொடுத்தால் கதவு திறக்கும்.

சில கம்பெனிப் பெட்டிகளில் இந்தக் கதவு பூட்டி இருக்கும். அப்போது கம்பெனியின் "ஆப்" மூலம் மாற்றலாம். அல்லது போன் செய்து, "சேனலை மாத்திக் கொடுங்க" என்று கேட்டு வாங்கலாம்.

எச்சரிக்கை! எதையும் மாற்றும் முன் இப்போது இருப்பதை போட்டோ எடுத்துக் கொள்ளுங்கள். வயர்லெஸ் பகுதியைத் தவிர வேறு எதையும் தொடாதீர்கள். பெட்டியின் பின்னால் உள்ள "ரீசெட்" ஓட்டையில் குண்டூசியை விடவே விடாதீர்கள். இணைப்புக்காக கம்பெனி போட்டு வைத்த பெயர், பாஸ்வேர்டு எல்லாம் அழிந்துவிடும். பிறகு ஆள் வரும் வரை வீட்டில் நெட் கிடையாது. வேண்டுமானால் சுவிட்சை அணைத்துப் போடுங்கள். அது போதும்.

மாற்ற வேண்டியவை வருமாறு:-

* 2.4-க்குச் சேனல்: செல்போனில் "வைஃபை அனலைசர்" வகை "ஆப்" ஒன்றைப் போட்டுப் பாருங்கள். 1, 6, 11 மூன்றில் எதில் கூட்டம் குறைவோ அதைப் போடுங்கள்.

* 2.4-க்கு அகலம்: 20 மெகாஹெர்ட்ஸ். 40 வைத்தால் வேகம் கூடும் என்று தோன்றும். பிளாட் வீடுகளில் அது இரண்டு பேர் சீட்டில் ஒருவர் காலை அகட்டி உட்கார்ந்த மாதிரி. பக்கத்து ஆளும் சும்மா இருக்க மாட்டார்!

* 5-க்குச் சேனல்: 36 முதல் 48 வரை ஒரு கூட்டம். 149 முதல் 161 வரை இன்னொரு கூட்டம். எதில் நெரிசல் குறைவு என்று பார்த்துப் போடுங்கள். அகலம் 80. பக்கத்து வீடுகள் மிக நெருக்கம் என்றால் 40.

* பெயர்: இரண்டு அலைவரிசைக்கும் ஒரே பெயர் இருந்து, போன் 2.4-லேயே ஒட்டிக் கொண்டிருந்தால் பெயரைப் பிரித்துவிடுங்கள். டி.வி., லேப்டாப், செல்போன் எல்லாம் 5-க்கு. கேமரா, "ஸ்மார்ட்" பல்பு போன்றவை பெரும்பாலும் 2.4 மட்டுமே தெரிந்தவை. அவை அங்கேயே இருக்கட்டும்.

* பாதுகாப்பு: "டபிள்யூ.பி.ஏ.2 ஏ.இ.எஸ்." அல்லது "டபிள்யூ.பி.ஏ.3". பழைய "டபிள்யூ.இ.பி." அல்லது "டி.கே.ஐ.பி." என்று இருந்தால் உடனே மாற்றுங்கள். அவை பத்திரம் இல்லாதவை. அது மட்டும் அல்ல. அவற்றை வைத்தால் வேகமே 54 மெகாபிட்டுக்கு மேல் ஏறாது!

சில்லறை எண்ணும் போன்

வீட்டில் நான்கு புதுப் போன், ஒரு பழைய போன். பழையதைக் கையில் வைத்துக் கொண்டு தாத்தா கடைசி அறையில் பாட்டுக் கேட்கிறார். உடனே எல்லோருக்கும் வேகம் குறைகிறது. ஏன்?

காற்றில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். மெதுவாகப் பேசும் போன் அதே அளவு செய்திக்கு அதிக நேரம் எடுத்துக் கொள்கிறது. மின்சார ரெயில் டிக்கெட் கவுண்டரில் ஒருவர் சில்லறை எண்ணிக் கொண்டு நின்றால் பின்னால் உள்ள அத்தனை பேரும் காத்து நிற்பது போலத்தான்.

தாத்தாவைக் கோபிக்க வேண்டாம். நகராமல் இருக்கும் சாமான்களை, அதாவது டி.வி.யையும் கம்ப்யூட்டரையும் "லேன்" ஒயரில் போட்டுவிடுங்கள். காற்றில் கூட்டம் குறையும். மற்றவர்களுக்கு வழி கிடைக்கும்.

யார் யார் உள்ளே?

அதே பக்கத்தில், எந்தெந்த போன் இணைந்திருக்கிறது என்ற பட்டியல் இருக்கும். எண்ணிப் பாருங்கள். வீட்டில் 5 சாமான், பட்டியலில் 9 என்றால்? யாரோ ஓசியில் குடிக்கிறார்கள்!

இது வேகப் பிரச்சினை மட்டும் அல்ல. 2008-ம் ஆண்டு ஜூலை 26-ந் தேதி ஆமதாபாத்தில் குண்டுகள் வெடித்தன. அதற்குச் சில நிமிடங்கள் முன் ஒரு மிரட்டல் இ-மெயில் பறந்தது. போலீசார் முகவரியைத் துருவிக் கொண்டு போனபோது நவி மும்பையில் ஓர் அமெரிக்கர் வீட்டில் போய் நின்றார்கள். அவர் தீவிர விசாரணைக்கு ஆளானார். அவருடைய வைஃபையை வேறு யாரோ பயன்படுத்தி இருக்கிறார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது.

வீட்டுக் கதவைத் திறந்து போட்டுவிட்டுத் தூங்குவோமா? வைஃபை பாஸ்வேர்டை நீளமாக வையுங்கள். செல்போன் எண், பிறந்த தேதி வேண்டாம். பெட்டியின் அடியில் அச்சடித்த "அட்மின்" பாஸ்வேர்டையும் மாற்றுங்கள். "டபிள்யூ.பி.எஸ்." என்பதை அணைத்துவிடுங்கள். விருந்தாளிக்கு என்று "கெஸ்ட்" இணைப்பு தனியாக இருந்தால் அதைக் கொடுங்கள்.

எதெல்லாம் வீண் செலவு?

கேள்வி:- "டி.என்.எஸ்." எண்ணை மாற்றினால் வேகம் கூடுமாமே?

பதில்:- பக்கம் திறக்கத் தொடங்கும் நேரம் கொஞ்சம் குறையலாம். படம் "டவுன்லோடு" ஆகும் வேகம் கூடாது. அது விலாச புத்தகம் மட்டுமே. ரோடு அல்ல.

கேள்வி:- பெட்டியின் பவரை முழுசாக ஏற்றிவிடலாமா?

பதில்:- பெட்டி கத்துவது போனுக்குக் கேட்கும். போனின் குரலோ மெலிசு. அது பெட்டிக்குக் கேட்க வேண்டாமா? நீங்கள் கத்தினால் பக்கத்து வீட்டுப் பெட்டிக்குத்தான் தொல்லை.

கேள்வி:- "ரிப்பீட்டர்" வாங்கலாமா?

பதில்:- மலிவு ரகம் ஒரே அலைவரிசையில் வாங்கி, அதிலேயே திருப்பிக் கொடுக்கும். வேகம் ஏறக்குறைய பாதியாகிவிடும். வாங்கினாலும் அலையே வராத அறையில் வைக்காதீர்கள். பாதி வழியில் வையுங்கள். அதைவிட, கடைசி அறைக்கு ஒரு "லேன்" ஒயர் இழுத்து அங்கே இன்னொரு பெட்டி வைப்பது நூறு மடங்கு மேல்.

மீட்டிங்கில் பேசுங்கள்!

ஒரு பிளாட்டில் 12 வீடு என்றால் 12 பெட்டி. அவரவர் இஷ்டத்துக்குச் சேனல் போட்டால் 12 பேருக்கும் நஷ்டம். காற்று கார்ப்பரேஷன் குழாய் மாதிரி பொதுச் சொத்து. ஒருவர் இரண்டு குடம் வைத்தால் இன்னொருவருக்கு ஒரு குடம் குறையும்.

பிளாட் சங்க மீட்டிங்கில் தண்ணீர் லாரிக்கும் லிப்டுக்கும் சண்டை போடுகிறோம். அதில் 10 நிமிடம் இதற்கு ஒதுக்கக் கூடாதா? பக்கத்து வீட்டுக்கும், மேல் வீட்டுக்கும், கீழ் வீட்டுக்கும் ஒரே எண் வராதபடி 1, 6, 11 என்று பிரித்துக் கொள்ளலாம். எல்லோரும் அகலம் 20 என்று ஒத்துக் கொள்ளலாம். செலவு இல்லை, சண்டை இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் நன்றாக இருந்தால்தான் நமக்கும் நெட் நன்றாக இருக்கும்!

இவ்வளவும் செய்துவிட்டு மறுபடி மூன்று சோதனையையும் செய்யுங்கள். முதலில் குறித்து வைத்த எண்களோடு ஒப்பிடுங்கள்.

ஒயரிலேயே வேகம் வரவில்லையா? கம்பெனிக்குப் புகார் கொடுத்து, புகார் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். சும்மா "பார்க்கிறோம் சார்" என்ற பதிலோடு போனை வைக்காதீர்கள். அதிலும் தீராவிட்டால் அதே கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதலாம். டிராய் விதிப்படி அந்த ஏற்பாடு இருக்கிறது. உங்கள் "பிளானில்" அந்த மாதத்துக்கு உரிய "டேட்டா" அளவு தீர்ந்து வேகம் குறைக்கப்பட்டிருக்கிறதா என்பதையும் ஒரு முறை பார்த்துக் கொள்ளுங்கள்.

ஒயரிலும் காற்றிலும் கட்டிய காசுக்கு வேகம் வருகிறது, ஆனாலும் வீட்டில் எல்லோருக்கும் பத்தவில்லை என்றால் தாராளமாகப் பெரிய "பிளான்" போடுங்கள்.

அதுவரை அந்தப் பணம் உங்கள் சட்டைப் பையிலேயே இருக்கட்டும்!